பச்சை மாறாமல், பால் திரியாமல்

புதுச்சேரியில் வெள்ளை சாஸ் கிண்டத் தெரிந்த கைகள் நிறைய உண்டு. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிய பிறகும் பிரெஞ்சுக்காரர்களின் பெஷமெல் என்னும் அந்த வெள்ளை சாஸ் இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. அந்தக் கைப்பழக்கம் இருந்தால் மெக்சிகோவின் பச்சை எஞ்சிலாடா எட்டாத பண்டமல்ல. மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் உதிர்த்த கோழிக்கறியைச் சுருட்டி, பச்சை மிளகாய் சாஸும் க்ரீமும் ஊற்றி, சீஸ் தூவி அடுப்பில் வாட்டுவதுதான் அது. பாலும் சீஸும் சேர்வதால் மெக்சிகோவில் இந்த வகையைச் ‘சுவிஸ் எஞ்சிலாடா’ என்கிறார்கள்.

வீட்டில் செய்யும்போது இரண்டு இடங்களில் கெடும். பச்சை சாஸ் பாசி நிறத்துக்குப் போகும், க்ரீம் திரியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: புளிப்பு.

கொத்தமல்லிக்கும் மிளகாய்க்கும் நிறம் தருவது பச்சையம். அதன் மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் அமிலமும் சேர்ந்தால் அந்த அணு வெளியேறி, அதன் இடத்தை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். உடனே நிறம் பழுப்புப் பச்சையாகிவிடும். எலுமிச்சை பிழியாவிட்டாலும் இலைக்குள் இருக்கும் அமிலமே இதைச் செய்யும்; ஏழெட்டு நிமிடம் கொதித்தால் போதும். ஆகவே கொத்தமல்லியைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டு அரைக்க வேண்டும். இலையின் இடுக்குகளில் இருந்த காற்று வெளியேறுவதால் பச்சை முன்பைவிடத் துலக்கமாகத் தெரியும். சிலர் ஆப்ப சோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும்தான், ஆனால் இலை கூழாகும், பி1 வைட்டமின் அழியும். அது வேண்டாம்.

அடுத்தது பால். அதிலுள்ள கேசீன் புரதத் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. புதுப்பாலின் பிஎச் ஏறத்தாழ 6.7. அது 4.6-ஐ நெருங்கும்போது மின்னேற்றம் அடங்கித் துகள்கள் கட்டியாகும். கொதிக்கும் பாலோ அவ்வளவு தூரம்கூடப் பொறுக்காது. இங்கேதான் பெஷமெல் கைகொடுக்கிறது. வெண்ணெயில் மைதாவை வதக்கி, நம் ஊர் பான்லே பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிண்டுங்கள். மாவு மணிகள் உப்பி, கரண்டியின் முதுகில் சாஸ் படியத் தொடங்கும். அந்தக் கெட்டியான மாவுச்சத்து கேசீன் துகள்களுக்கு இடையே புகுந்து அவற்றை ஒட்டவிடாமல் தடுக்கும். தேங்காய்ப்பால் குழம்பில் முதல் பாலைக் கடைசியில் ஊற்றுவதும், சொதியை இறக்கிய பிறகே எலுமிச்சை பிழிவதும் இதே அறிவுதான். நம் சமையலறைகள் வேதியியலில் பின்தங்கியவை அல்ல.

மெக்சிகோவில் சாஸுக்குப் புளிப்புத் தருவது டொமாட்டில்லோ. நம் வேலியோரச் சொடக்குத் தக்காளியும் அதே ஃபைசாலிஸ் பேரினம்தான். காகிதம் போன்ற அதே உறை. ஆனால் சொடக்குத் தக்காளியின் பச்சைக் காயில் நச்சுப்பொருள் இருக்கலாம், அதைச் சமைக்காதீர்கள். குபேர் மார்க்கெட்டில் தக்காளிக்காய் வாங்கிச் சுட்டு, பச்சை மிளகாய், பூண்டுடன் அரைத்து, ஆறிய பிறகு வெள்ளை சாஸில் கலக்கலாம்.

ரொட்டி விஷயத்தில் மெக்சிகோவின் பழங்குடி மக்களை வணங்கவே தோன்றுகிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைக்கும் முறையை அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். சுண்ணாம்பு தோலைக் கரைத்து மாவை ஒட்டவைக்கிறது. தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் வைட்டமினையும் விடுவிக்கிறது. மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய் முறையை விட்டுவிட்ட ஐரோப்பாவில் ஏழைகள் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயால் வாடினார்கள். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவு அப்படிப் பக்குவப்படுத்தியதல்ல. அதில் பசையமும் இல்லாததால் சுருட்டும்போது விரிசல் விடும். வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம். மெல்லிய சப்பாத்தி போதும்.

கோழிக்கறியைச் சுருட்டி சாஸை ஊற்றியதும், ஆரோவில்லில் செய்யும் மொசரெல்லாவைத் தூவி 180 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் வையுங்கள். கோழிக்கறியை முன்பே 74 டிகிரி உள்வெப்பம் வரும்வரை வேகவைத்திருக்க வேண்டும். அரைத்த கொத்தமல்லியை அடுப்பில் ஏற்றாமல் வைத்திருந்து, வெளியே எடுத்த பிறகு மேலே ஊற்றுங்கள். எலுமிச்சையை அவரவர் தட்டில் பிழிந்துகொள்ளட்டும்.