தண்ணீரில் ஓடிய பொருளாதாரம்

பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்று ஊரில் திட்டுவார்கள். அதை வெறும் உவமையாக விடாமல், பணத்துக்குப் பதில் நிஜமாகவே தண்ணீரை ஊற்றி, பம்பு வைத்து ஓடவிட்டு, ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்படி இயங்குகிறது என்று காட்டியவர் பில் ஃபிலிப்ஸ். பொருளாதாரம் படித்தவர்களுக்கு ‘ஃபிலிப்ஸ் வளைகோடு’ என்றால் உடனே நினைவுக்கு வரும். அந்த வளைகோட்டைவிட அவருடைய தண்ணீர் இயந்திரமும், அதிலிருந்து அவர் எடுத்துச் சொன்ன விஷயமும்தான் பெரிது என்பது என் கட்சி.

நியூசிலாந்தில் டானவர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில், பால்பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் 1914-இல் பிறந்தார். அக்கம்பக்கத்துக்கு மின்சாரம் வருமுன்பே ஓடை நீரில் சக்கரம் சுழலவிட்டுத் தன் வீட்டுக்கு விளக்குப் போட்டவர் அவருடைய அப்பா. பிள்ளைக்கும் அதே கை. பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு நீர்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பழகினார். பிறகு ஆஸ்திரேலியா போய்ச் சுரங்கத்தில் மின்வேலை பார்த்தார், முதலை வேட்டையாடினார், சினிமா கொட்டகை நடத்தினார். 1937-இல் சீனாவுக்குக் கிளம்பினார். அங்கே போர் மூண்டுவிட, சைபீரிய ரயிலில் ரஷ்யாவைக் கடந்து லண்டன் போய்ச் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரியாகச் சிங்கப்பூரில் இருந்தார். 1942 பிப்ரவரியில் நகரம் விழும் தறுவாயில், கூட்டம் பிதுங்க ‘எம்பயர் ஸ்டார்’ கப்பல் தப்பிப் புறப்பட்டது. ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஒரு இயந்திரத் துப்பாக்கியைத் தளத்தில் பொருத்தித் திருப்பிச் சுட்டுக்கொண்டே இருந்தார் ஃபிலிப்ஸ். அதற்குப் பின்னாளில் பதக்கம் கிடைத்தது. ஆனால் கப்பல் கொண்டுபோய் விட்ட ஜாவாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, மூன்றரை ஆண்டு கைதி முகாமில் கிடந்தார். அங்கே சக கைதிகளிடம் சீன மொழி கற்றார், திருட்டுத்தனமாக ரேடியோ செய்தார். முகாமின் மின்கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்து, தேநீருக்கு வெந்நீர் வைக்கும் சின்னக் கருவிகளும் செய்து கொடுத்தார்.

இவ்வளவும் முடிந்து, முப்பது வயதைத் தாண்டியபின் ‘லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்’ கல்லூரியில் சேர்ந்தார், சமூகவியல் படிக்க. தேறியதும் தட்டுத்தடுமாறித்தான். மனம் பொருளாதார வகுப்பில் இருந்தது. கென்னத் போல்டிங் எழுதிய பாடநூலில், சந்தையை ஒரு தொட்டியாகவும் குழாய்களாகவும் வரைந்த படம் ஒன்று உண்டு. மற்ற மாணவர்கள் அதைப் படமாகப் பார்த்தார்கள். இந்த எலக்ட்ரீஷியனுக்கு மட்டும், இதைச் செய்தே பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

வால்டர் நியூலின் என்ற நண்பர் கைகொடுத்தார். லீட்ஸ் பல்கலைக்கழகம் 100 பவுண்டு தந்தது. லண்டனுக்குத் தெற்கே க்ராய்டனில், குடியிருந்த வீட்டுக்காரரின் கார் கொட்டகையில் 1949-இல் இயந்திரம் உருவானது. போர் விமானக் கழிவுச் சாமான்கள் சிலவும் அதில் சேர்ந்தன. ஆளுயரத்துக்கும் மேல், சுமார் 2 மீட்டர். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் தொட்டிகள், குழாய்கள், அவற்றுக்குள் நிறமேற்றிய தண்ணீர்.

வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு இதன் வேலை எளிதில் புரியும். மேலிருந்து இறங்கும் நீர்தான் நாட்டின் வருமானம். வழியில் ஒரு மடை வரியைப் பிரித்து அரசின் பக்கம் அனுப்பும். இன்னொரு மடை சேமிப்பைப் பிரிக்கும். மிச்சம் நடுவே நுகர்வாக விழும். பிரிந்துபோன நீர் அரசுச் செலவாகவும் முதலீடாகவும் திரும்பி வந்து சேரும். இறக்குமதி வெளியே வடியும், ஏற்றுமதி உள்ளே வரும். அடித்தொட்டியில் சேர்ந்ததைப் பம்பு மறுபடி மேலே ஏற்றும்.

சாமர்த்தியம் எல்லாம் மடைகள் தாமாகவே திறந்து மூடியதில் இருந்தது. சும்மா கிடக்கும் பணத்துக்கு ஒரு தனித் தொட்டி. அதில் ஒரு மிதவை. நீர்மட்டம் ஏறினால் வட்டி இறங்கியதாகக் கணக்கு. மிதவையில் கட்டிய கயிறு கப்பி வழியாகப் போய் முதலீட்டு மதகைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும். அதனால் வருமானம் பெருகும், சேமிப்பு பெருகும், அது திரும்பவும் தொட்டி மட்டத்தைத் தொடும். வருமானம் கூடினால் மக்கள் எவ்வளவு கூடுதலாகச் செலவழிப்பார்கள் என்ற ஊகம் ஒரு பிளாஸ்டிக் தகட்டில் வளைவாக வெட்டப்பட்டிருக்கும். ஊகத்தை மாற்ற வேண்டுமா, தகட்டை மாற்றினால் போதும். என்ன நடக்கிறது என்பதைப் பேனாக்கள் தாளில் கோடாக இழுத்துக்கொண்டே போகும்.

விளையாட்டுச் சாமான் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒன்றையொன்று பாதிக்கும் பல வகைக்கெழுச் சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்கும் அனலாக் கணினி இது. அந்தக் காலத்தில் எண்முறைக் கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொருளாதாரப் பேராசிரியர்கள் கரும்பலகையில் இரண்டு கோடு வரைந்து, அவை வெட்டும் புள்ளியைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் புள்ளிக்கு எந்த வழியாக, எத்தனை நாளில், எத்தனை முறை தள்ளாடிப் போய்ச் சேருவோம் என்பதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

1949 நவம்பர் 29. அதே கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர் லயனல் ராபின்ஸ் நடத்திய புகழ்பெற்ற கருத்தரங்கில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார் ஃபிலிப்ஸ். சோதா மாணவன் ஒருவன் ஏதோ குழாய் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறானாம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமல், இயந்திரத்தைச் சுற்றி நடந்தபடி அவர் விளக்க, சிரிக்க வந்தவர்கள் அடங்கிப்போனார்கள். வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பது கையிருப்புப் பணமா, அல்லது வந்துகொண்டிருக்கும் சேமிப்பா என்று பொருளாதார அறிஞர்களில் கெயின்ஸ் தரப்பும் டென்னிஸ் ராபர்ட்சன் தரப்பும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தன. தொட்டியின் மட்டமும் தொட்டிக்குள் பாயும் நீரும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள் என்பதை இயந்திரம் கண்ணெதிரே காட்டிவிட்டது. அடுத்த ஆண்டே அதே கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட், இரண்டு இயந்திரங்களைக் குழாயால் இணைத்து, ஒன்றைப் பிரிட்டனாகவும் மற்றதை அமெரிக்காவாகவும் வைத்துப் பாடம் நடத்தினார். மொத்தம் ஒரு டஜனுக்குச் சற்று மேல் செய்யப்பட்டன. ஹார்வர்டு, கேம்பிரிட்ஜ், இஸ்தான்புல் பல்கலைக்கழகங்கள் வாங்கின. குவாத்தமாலாவின் மைய வங்கியும் ஒன்று வாங்கியது. ‘மோனியாக்’ என்ற பெயர் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது.

ஃபிலிப்ஸின் உண்மையான அக்கறை காலதாமதத்தின் மேல். கடைமடைக்காரர் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போடுகிறார். மேலே அணையில் மதகை ஏற்றுகிறார்கள். திறந்த நீர் கீழே வந்து சேரப் பல நாளாகும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் வயல் மூழ்கும். உடனே மதகை இறக்குவார்கள், அடுத்த வாரம் வறட்சி. அக்கறையோடு செய்த வேலைதான், ஆனாலும் ஊசலாட்டம் கூடிவிடுகிறது. 1954-இலும் 1957-இலும் வெளியிட்ட கட்டுரைகளில், அரசின் பொருளாதார நடவடிக்கைகளும் இப்படிக் கேடு செய்யக்கூடும் என்று கணக்கோடு காட்டினார். இரண்டாவது கட்டுரைக்குத் தண்ணீரை விட்டுவிட்டு மின்னணு அனலாக் கணினிகளைப் பயன்படுத்தினார்.

தீர்வையும் பொறியியலிலிருந்தே எடுத்தார். நல்ல நீர்பாய்ச்சி, இப்போது எவ்வளவு குறைகிறது என்று மட்டும் பார்க்க மாட்டார். இதுவரை சேர்ந்த பற்றாக்குறை எவ்வளவு, நிலைமை எந்த வேகத்தில் மாறுகிறது என்பதையும் பார்ப்பார். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அன்றே இந்த மூன்றையும் சேர்த்துக் கணித்தன. வரிக்கும் அரசுச் செலவுக்கும் அதையே பொருத்திப் பார்த்தார் ஃபிலிப்ஸ். முதலாவதை மட்டும் நம்பினால் பற்றாக்குறைப் பள்ளம் முழுதாக அடையாது. இரண்டாவதைச் சேர்த்தால் பள்ளம் அடையும், ஆனால் ஊசலாட்டம் பிறக்கும். மூன்றாவது அதைத் தணிக்கும்.

வளைகோட்டுக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1958-இல், பிரிட்டனில் 1861 முதல் 1957 வரை வேலையின்மையும் கூலி உயர்வும் எப்படி நடந்துகொண்டன என்று ஒரு கட்டுரை எழுதினார். வேலையின்மை குறைந்த காலத்தில் கூலி வேகமாக ஏறியது. வேலையின்மை கூடியபோது ஏற்றம் படுத்துவிட்டது. 1960-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் சாமுவேல்சனும் சோலோவும் இதை எடுத்து, பணவீக்கம் இவ்வளவு, வேலையின்மை இவ்வளவு என்று அரசு தேர்ந்தெடுக்கும் உணவு விடுதிப் பட்டியல்போல ஆக்கிவிட்டார்கள். ஃபிலிப்ஸுக்குக் கிடைத்த புகழ் முழுதும் இதில்தான். பேராசிரியர் பதவியும் அதே 1958-இல். தட்டுத்தடுமாறித் தேறி 9 ஆண்டுதான் ஆகியிருந்தது.

அவர் அந்தக் கோட்டைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை. 1960-களின் கடைசியில், அரசு ஒரு பொருளாதாரத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால், அந்தக் கட்டுப்பாடே பழைய புள்ளிவிவரங்களில் தெரிந்த உறவுகளை மாற்றிவிடும் என்று எழுதினார். ஏறத்தாழ இதே கருத்தை 1976-இல் விரித்துச் சொன்ன அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் லூக்காஸின் பெயரால்தான் இன்று பாடநூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. 1967-இல் ஃபிலிப்ஸ் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போய், பாதி நேரத்தைச் சீனப் பொருளாதாரத்துக்கு ஒதுக்கினார். முகாமில் கற்ற மொழி வீண்போகவில்லை. 1969-இல் பக்கவாதம் தாக்கியது. 1975 மார்ச்சில் ஆக்லாந்தில் காலமானார். அந்த ஆண்டு பிரிட்டனில் பணவீக்கம் 24 சதவீதம், வேலையின்மையும் கூடவே ஏறிக்கொண்டிருந்தது. அந்த இரண்டும் ஒரே நேரத்தில் ஏறாது என்றுதான் வளைகோட்டின் பெயரால் உலகம் நம்பியிருந்தது.

இயந்திரங்களில் ஒன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று வெலிங்டனில், நியூசிலாந்து ரிசர்வ் வங்கியின் அருங்காட்சியகத்தில். கேம்பிரிட்ஜில் ஓடாமல் கிடந்ததைப் பழுதுபார்த்து மறுபடி தண்ணீர் ஓடவிட்டவர் ஆலன் மக்ராபி. அவர் பொருளாதாரப் பேராசிரியர் அல்ல, பொறியியல் துறைக்காரர்.