தெம்பேயின் வயது

நடு ஜாவாவின் சோலோ, யோக்யகார்த்தா நகரங்களில் சாப்பாட்டுக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் பொரித்த தெம்பே அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே மீனும் கோழியும் இருக்கும். அவற்றை வாங்குகிறவர்களும் கூடவே இரண்டு துண்டு தெம்பே எடுத்துக்கொள்வார்கள். கடல் கடந்து மற்ற நாடுகளுக்குப் போனபிறகுதான் அதன்மேல் 'இறைச்சிக்குப் பதில்' என்ற சீட்டை ஒட்டினார்கள். அந்தச் சீட்டை நம்பிச் சமைத்து, இது ஏன் சப்பென்று இருக்கிறது, ஏன் லேசாகக் கசக்கிறது என்று கைவிட்டவர்கள் ஏராளம். தெம்பே உயிருள்ள பண்டம். அதற்கு இளமை உண்டு, பருவம் உண்டு, முதுமையும் உண்டு. ஜாவாவின் சமையல் முழுக்க அந்த வயதைப் பார்த்துத்தான் அமைந்திருக்கிறது. பால், முட்டைகூடத் தொடாமல் சமைக்க நினைக்கும் எவருக்கும் அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வேகவைத்த சோயா பயறின்மேல் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதன் வெள்ளை இழைகளாலேயே பயறுகளை இறுக்கிக் கட்டியாக்கிய உணவுதான் தெம்பே. டோஃபுவுக்குச் சோயாவை அரைத்துப் பாலெடுத்துத் திரிப்பார்கள். சக்கை வெளியே போய்விடும். தெம்பேயில் பயறு முழுசாகவே இருக்கும், நார்ச்சத்தும் போகாது. நறுக்கினால் பயறுகள் தனித்தனியாகத் தெரியும், இடைவெளியெல்லாம் வெண்மை. புதிதாக இருந்தால் காளான் வாசனை வரும். இந்த வேலையைச் செய்யும் பூஞ்சை ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸ். ரைசோபஸ் இனப் பூஞ்சைதான் தெம்பேயை உருவாக்குகிறது என்று 1895இல் டச்சு அறிவியலாளர் பிரின்சன் கீர்லிக்ஸ் எழுதினார். ஜாவாக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அதை வளர்த்துவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோலோ அரசவையில் தொகுக்கப்பட்ட 'செராத் செந்தினி' என்ற பெரும் ஜாவானியக் காவியத்திலேயே தெம்பேயின் பெயர் வருகிறது.

செய்முறையின் ஒவ்வொரு படியிலும் நோக்கம் ஒன்றுதான்: இந்த ஒரு பூஞ்சைக்கு வசதி செய்து தரவேண்டும், மற்ற கிருமிகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

முதலில் பயறை இரவு முழுக்க ஊறவைக்கிறார்கள். ஜாவாவின் வெக்கையில் அந்தத் தண்ணீர் தானே புளித்துவிடும். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் அதே வகை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. புளிப்பு ஏறிய பயறில் கெடுதல் செய்யும் பாக்டீரியாக்கள் எளிதில் பெருகுவதில்லை. ரைசோபஸ் பூஞ்சைக்கோ அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. குளிர் நாடுகளில் தண்ணீர் தானாகப் புளிக்காததால், வேகவைக்கும்போது கொஞ்சம் வினிகர் ஊற்றிக்கொள்கிறார்கள். அடுத்தது தோல் நீக்குவது. பூஞ்சை இழையால் சோயாவின் தோலைத் துளைக்க முடியாது; தோலோடு போட்டால் கட்டி பிடிக்காமல் உதிர்ந்துபோகும். முன்பெல்லாம் மூங்கில் கூடையில் பயறைக் கொட்டி, தண்ணீரில் வைத்துக் காலால் மிதிப்பார்கள். தோல் கழன்று மேலே மிதக்கும், தண்ணீரைச் சாய்த்தால் போய்விடும். இப்போது அதற்கு இயந்திரம் வந்துவிட்டது.

பிறகு பயறை நன்றாக வேகவைத்து, வடித்து, பரப்பி, மேற்பரப்பு ஈரம் போக உலர்த்த வேண்டும். வீட்டில் முயல்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பயறின்மேல் தண்ணீர் நின்றால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஒரு துணியில் போட்டு ஒற்றி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட பிறகுதான் பூஞ்சையின் வித்தைத் தூவிக் கலக்க வேண்டும்.

அந்த வித்தை ஜாவாக்காரர்கள் இலையில் சேமித்துவந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. பூவரசின் உறவு மரமான வாரு மரத்து இலையின் அடிப்பக்கம் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். வித்துக் கலந்த பயறை அந்த இலைகளுக்கு நடுவே பரப்பி வைத்தால் பூஞ்சை வளர்ந்து, அதன் கருநிற வித்துகள் அந்த மயிர்களில் சிக்கிக்கொள்ளும். இலையை உலர்த்தி எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தமுறை வெந்த பயறின்மேல் தேய்த்தால் போதும். இதை 'உசார்' என்பார்கள். ஆய்வுக்கூடமோ நுண்ணோக்கியோ இல்லாமல், ஒரு நுண்ணுயிரைத் தலைமுறை தலைமுறையாக இலையில் காப்பாற்றிக் கைமாற்றியிருக்கிறார்கள். இன்று வித்துப் பொடி பொட்டலத்தில் கிடைக்கிறது.

வித்துக் கலந்த பயறை வாழையிலையிலோ தேக்கிலையிலோ பொதிகிறார்கள். ஊசித் துளையிட்ட பிளாஸ்டிக் பையும் இப்போது பரவலாகிவிட்டது. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். ஆனால் காற்று மிஞ்சினால் பயறு காய்ந்துவிடும், பூஞ்சையும் அவசரப்பட்டு வித்துவிட்டுக் கறுத்துவிடும். இலைப் பொதி இந்த அளவைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது. 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் சூடு போதும். முதல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அதன்பின் பூஞ்சை வேகமெடுத்துத் தானே சூட்டைக் கிளப்பும். பொதிகள் வெளியே இருப்பதைவிடச் சூடாகிவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தால் நடுவிலுள்ளவை சூட்டிலேயே கெட்டுப்போகும். அதனால் அந்த நேரத்தில் பொதிகளைத் தட்டுகளில் பிரித்துப் பரப்பிவிடுவார்கள். 36 முதல் 48 மணி நேரத்துக்குள் கட்டி தயார்.

இதற்குள் பயறுக்குள் பெரிய மாற்றம் நடந்திருக்கும். பூஞ்சையின் நொதிகள் புரதத்தை உடைத்துச் செரிமானத்தை எளிதாக்குகின்றன. சோயாவில் வாயுத் தொல்லை கொடுக்கும் சர்க்கரைகளில் பெரும்பங்கு ஊறவைத்த நீரோடும் வேகவைத்த நீரோடும் போய்விடுகிறது. இரும்பு, துத்தநாகச் சத்துகளைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் உண்டு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தெம்பேயில் வைட்டமின் பி12 கிடைக்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ரைசோபஸ் பூஞ்சை பி12 உண்டாக்குவதில்லை. சில தெம்பேயில் அது இருப்பதற்குக் காரணம், செய்யும் இடத்தில் தற்செயலாகச் சேரும் சில பாக்டீரியாக்கள். சுத்தமாகச் செய்த தெம்பேயில் அது இல்லாமலே போகலாம். தாவர உணவு மட்டும் சாப்பிடுகிறவர்கள் பி12க்கு இதை நம்பியிருக்கக் கூடாது.

வாங்கினாலும் செய்தாலும் பார்க்க வேண்டியவை சில. துளைகளின் ஓரத்தில் சாம்பலோ கறுப்போ தெரிந்தால் அது பூஞ்சையின் வித்து, பயமில்லை. இளஞ்சிவப்பு, பச்சை நிறங்கள் தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ தூக்கி எறிய வேண்டும். இன்னொரு எச்சரிக்கை இதைவிடக் கடுமையானது. நடு ஜாவாவின் பன்யுமாஸ் வட்டாரத்தில் தேங்காய்ச் சக்கையில் 'தெம்பே போங்க்ரெக்' செய்யும் வழக்கம் இருந்தது. அதில் ஒரு பாக்டீரியா புகுந்தால் போங்க்ரெக்கிக் அமிலம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும். சமையல் சூட்டில் அது அழியாது. பல பத்தாண்டுகளாக ஏழைகள் பலர் செத்தபிறகு, 1988இல் அதன் உற்பத்தி தடை செய்யப்பட்டது. வீட்டில் தெம்பே செய்து பழகுகிறவர்கள் கொண்டைக்கடலையில் செய்து பார்க்கலாம், தட்டைப்பயறில் செய்து பார்க்கலாம். தேங்காயைத் தொடவே வேண்டாம்.

இனிச் சமையல். இளசாக, மெல்லிய தகடாகச் செய்த தெம்பேக்குப் பன்யுமாஸ்காரர்களின் பலகாரம் மெந்தோவான். அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த நீர்த்த மாவில் கொத்தமல்லி விதை, பூண்டு, கச்சோலம் அரைத்துச் சேர்த்து, வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கிப் போட்டு, தெம்பேயைத் தோய்த்துக் கொதிக்கும் எண்ணெயில் சிறிது நேரம் மட்டும் பொரிப்பார்கள். மொறுமொறுப்பு வரும்முன் எடுத்துவிட வேண்டும். சுடச்சுட, ஊசிமிளகாயைக் கடித்துக்கொண்டு தின்பார்கள். முறுகவிட்டால் அது வேறு பண்டம்.

நன்றாகப் பருவம் வந்த கட்டியில் சுவை ஏற்றுவதற்கு யோக்யகார்த்தாவின் பாச்செம் முறையைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது. தெம்பே அடர்த்தியானது, மசாலாவைத் தடவி வைத்தால் மேலோடு நின்றுவிடும். நீர் ஊற்றி வேகவைத்தால்தான் உள்ளே இறங்கும். கால் கிலோ தெம்பேயை விரல் தடிமனில் நறுக்குங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி விதை அரைத்து, நசுக்கிய அரத்தைத் துண்டு, கொஞ்சம் புளி, உப்பு, ஒரு கைப்பிடி தென்னை வெல்லம் சேர்த்து, தெம்பே மூழ்கும் அளவுக்குத் தேங்காய்த் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். ஜாவாவில் சலாம் இலையும் போடுவார்கள். அது கிடைக்காத ஊரில் விட்டுவிடலாம், வெல்லத்துக்குக் கருப்பட்டியும் பொருந்தும். நீர் சுண்டி, துண்டுகள் பழுப்பேறியதும் எடுத்து, பரிமாறும்முன் எண்ணெயில் ஒரு புரட்டு. இனிப்பும் புளிப்பும் நடுவரை இறங்கியிருக்கும். அவ்வளவு நேரமில்லையென்றால், துண்டுகளின்மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, உப்பும் பூண்டும் கொத்தமல்லி விதையும் கரைத்த நீரில் ஊறவைத்து, ஈரம் வடித்துப் பொரிக்கலாம். கசப்பு தெரியும் கட்டியென்றால் முதலில் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள், குறைந்துவிடும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பொரித்த தெம்பேயைப் பயற்றங்காயோடு சம்பலில் புரட்டுவது அங்கே வீட்டுச் சமையல்.

இவ்வளவு ஜாவானியமான இந்த உணவுக்கு வேண்டிய சோயாவில் பெரும்பங்கு இன்று அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகிறது. 2012இல் அமெரிக்காவில் வறட்சி வந்து சோயா விலை ஏறியபோது, ஜகார்த்தாவின் தெம்பே, டோஃபு உற்பத்தியாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். குடிசைத் தொழிலாக இதைச் செய்கிறவர்களால் விலை ஏற்ற முடியாது, ஏழைகளின் புரதம் என்பதால். கட்டியை மெலிதாக்கித்தான் சமாளிக்கிறார்கள். யோக்யகார்த்தாப் பக்கம் பூனைக்காலி இனத்துப் பயறில் செய்யும் 'தெம்பே பெங்குக்' இன்னும் இருக்கிறது. பயறின் நஞ்சு போகப் பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைக்கும் நீண்ட வேலை அது. வறண்ட நிலத்தில் விளைவதைக் கொண்டு ஆக்கும் அந்தப் பொறுமைக்கு இன்னும் மதிப்புக் கிடைக்க வேண்டும்.

வாங்கிய தெம்பே குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். ஆவியில் வேகவைத்து உறையவைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். வெளியே விட்டால் பூஞ்சை தன் வேலையைத் தொடரும். நிறம் பழுப்பேறும், அம்மோனியா நெடி தொடங்கும். வேறு நாட்டில் இதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கிழக்கு ஜாவாவின் கெதிரியில் இதற்கென்றே ஒரு குழம்பு உண்டு. இப்படி முதிர்ந்த தெம்பேயை மிளகாய், பூண்டு, கச்சோலம், அரத்தை, எலுமிச்சை வகை இலை ஆகியவற்றோடு வேகவைத்து இடித்து, தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு 'சம்பல் தும்பாங்' ஆக்குவார்கள். வேகவைத்த கீரையின்மேலும் சோற்றின்மேலும் ஊற்றிக் காலை உணவாகச் சாப்பிடுவார்கள். இறைச்சியோ மீனோ சேர்க்காமலே குழம்புக்கு அந்த ஆழம் முதிர்ந்த தெம்பேயிலிருந்து வருகிறது. இளம் தெம்பேயில் இதே குழம்பை வைத்தால் அந்தச் சுவை வராது என்பார்கள் கெதிரிச் சமையல்காரர்கள். அதனால் புதுக் கட்டியோடு நேற்றைக்கு முந்தைய நாள் கட்டியையும் கலந்தே போடுகிறவர்கள் உண்டு.