வழியோரப் பச்சிலைகளின் பெயர்களும் நாட்டு மருத்துவ அறிவும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழக ஊர்ப்புறங்களின் வரப்புகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் தாமே முளைக்கும் செடிகள் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. மக்கள் இச்செடிகளுக்கு இட்ட பெயர்கள் அவற்றின் உருவத்தையும் பயனையும் தீங்கையும் உணர்த்துகின்றன. பெயரைச் செடியோடு பொருத்திக் காணும் அறிவு குன்றுமிடத்து மருந்தே நஞ்சாகும் நிலை உண்டாகிறது என்பதை இக்கட்டுரை சில செடிகளின் வழி விளக்குகிறது.

குறிச்சொற்கள்: நாட்டு மருத்துவம், பச்சிலை, செடிப்பெயர், கீழாநெல்லி, ஆடுதீண்டாப்பாளை

முன்னுரை

கழனிக்கும் குளத்துக்கும் கோயிலுக்கும் மக்கள் நடந்து செல்லும் பாதைகளின் இருமருங்கிலும் தும்பை, நெருஞ்சி, நாயுருவி, குப்பைமேனி, துத்தி, கீழாநெல்லி முதலிய செடிகள் காணப்படுகின்றன. இவற்றை எவரும் விதைப்பதில்லை. எவரும் நீர் ஊற்றுவதும் இல்லை. காலடியும் கால்நடையும் கலைத்த மண்ணே இவற்றுக்கு உகந்த இடமாகும். நெருஞ்சியின் முட்காய் நடப்போரின் பாதத்திலும் செருப்பிலும் தைத்துக் கொள்கிறது. நாயுருவியின் கூரிய காய்கள் ஆடையிலும் ஆட்டின் மயிரிலும் ஒட்டிக் கொள்கின்றன. இவ்வாறு வழிச்செல்வோரே இச்செடிகளைப் பரப்புகின்றனர்.

இச்செடிகளைக் கூர்ந்து நோக்கும் மரபு தமிழில் பழமையானது. குறுந்தொகையின் 202ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், முன்னர் இனியவராக இருந்து பின்னர் இன்னாதவரான தலைவனுக்கு நெருஞ்சியை உவமையாக்குகிறார். பூவின் அழகையும் அது முள்ளாக மாறுவதையும் கண்டறிந்தவருக்கே அவ்வுவமை விளங்கும்.

உருவத்தை உணர்த்தும் பெயர்கள்

கீழாநெல்லி என்னும் பெயர் அச்செடியை இனங்காணும் முறையையே கூறுகிறது. இலைகள் அடுக்கிய மெல்லிய கிளையின் அடிப்புறத்தில் நெல்லிக்காய் வடிவில் சிறு காய்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கீழ்க்காய்நெல்லி என்னும் மறுபெயர் இதனை மேலும் தெளிவாக்குகிறது. தாவரவியலாரும் நெல்லி மரத்தையும் இச்சிறு செடியையும் ஃபில்லாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைத்துள்ளமை குறிப்பிடத்தக்கது. காயின் அமைப்பை நோக்கிப் பெயரிட்ட ஊர்மக்களின் பார்வை தாவரவியலாரின் பார்வையோடு ஒத்துச் செல்வதை இங்குக் காணலாம்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயரும் உண்டு. இதன் வேர் பூனைகளை ஈர்க்கும் இயல்புடையது. செடியின்பால் ஒரு விலங்கு நடந்துகொள்ளும் முறையே இங்குப் பெயராகி நிற்கிறது.

பயனை உணர்த்தும் பெயர்கள்

வேலியில் படரும் முடக்கத்தான், முடக்கு அற்றான் என்பதன் திரிபாகக் கொள்ளப்படுகிறது. மூட்டுவலிக்கும் கைகால் முடக்கத்துக்கும் இதன் இலையைத் தோசை மாவுடன் அரைத்தும் இரசமாக வைத்தும் உண்பது வழக்கம்.

வெட்டுக்காயப் பூண்டு என்பது பயன் கருதிய பெயருக்கு மற்றொரு சான்று. களையெடுப்போர் அரிவாள் பட்ட இடத்தில் இதன் இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிவர். கிணற்றடிப் பூண்டு என்றும் வழங்கும் இச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்டது. அயலிலிருந்து வந்த செடியைச் சோதித்துப் பயனறிந்து தமிழ்ப் பெயரும் இட்டு மக்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். எனவே நாட்டு மருத்துவம் பழமையை மட்டும் காக்கும் தேக்கநிலை அறிவன்று. புதியதை ஆராய்ந்து ஏற்கும் இயக்கமும் அதற்கு உண்டு.

எச்சரிக்கும் பெயர்

ஆடுதீண்டாப்பாளை கரிசல் நிலத்திலும் வழியோரத்திலும் படர்வது. எதையும் மேயும் ஆடும் தீண்டாத செடி என்பது இதன் பெயர் தரும் எச்சரிக்கை. ஆயினும் இது குடற்புழுவுக்கும் தோல்நோய்க்கும் நாட்டு மருந்தாகப் பயன்பட்டு வந்துள்ளது. இதில் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ளது. இவ்வமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதுடன் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் தோற்றுவிக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இப்பேரினச் செடிகள் அடங்கிய மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என வகைப்படுத்தியது. ஆகவே இச்செடியை உள்மருந்தாகக் கொள்வது தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

பெயர் மயக்கமும் அதன் விளைவும்

ஒத்த பெயர் உயிருக்கே தீங்காகும் என்பதற்கு இதே பேரினத்தைச் சார்ந்த ஒரு நிகழ்வு சான்றாகும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிவதற்கான மருந்தில் ஃபாங் ஜி என்னும் சீன மூலிகை சேர்க்கப்பட்டது. அப்பெயர் வேறு வேறு செடிகளுக்கும் வழங்கியமையால் ஸ்டெபானியா இனத்தின் இடத்தில் அரிஸ்டோலோகியா இனம் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதடைந்தது. 1993இல் இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது.

தமிழகத்திலும் இத்தகைய மயக்கத்துக்கு இடமுண்டு. கீழாநெல்லியை ஒத்த பல ஃபில்லாந்தஸ் இனங்கள் ஒரே பாதையில் அருகருகே வளர்கின்றன. இவற்றுள் ஒன்றான மேலாநெல்லியை ஊர்மக்கள் பெயராலேயே பிரித்தறிந்தனர். வணிகச் சரக்கில் இவ்வினங்கள் பல கலந்து வருவதுண்டு.

கீழாநெல்லியைக் குறித்துச் சென்னை ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. ஹெபடைடிஸ் பி நச்சுயிரியை நெடுங்காலம் தாங்கியிருந்தோருள், 30 நாள் மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் அந்நச்சுயிரியின் மேற்பரப்பு அடையாளம் மறைந்தது. போலிமருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடமே அது மறைந்தது. பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நிகழ்ந்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. எந்த இனம், எங்கு விளைந்தது, எவ்வாறு பதப்படுத்தப்பட்டது என்பன வரையறுக்கப்படாமல் ஒரு பச்சிலையின் பயனை ஏற்கவோ மறுக்கவோ இயலாது என்பதை இம்முரண் உணர்த்துகிறது. மஞ்சட்காமாலைக்குக் காரணங்கள் பல. நோயின் காரணத்தை அறியாது பச்சிலையை மட்டும் நம்பிக் காலம் தாழ்த்துவது இடரை விளைக்கும்.

செடியைச் சரியாக இனங்கண்ட பின்னரும் உண்பவரின் உடல்நிலை கருதத்தக்கது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உடையோர் குப்பைமேனியை உண்டபோது குருதிச் சிவப்பணுக்கள் சிதைந்தமை இலங்கையில் பதிவாகியுள்ளது. தோலில் பூசுவதற்கு உரிய இலையை உண்பதற்கும் உரியதெனக் கொள்ளலாகாது.

அறிவு கைமாறும் வழி

இவ்வறிவு ஏட்டின் வழி மட்டும் கடத்தப்பட்டதன்று. கொங்கு வட்டாரத்தில் பொங்கலையொட்டிக் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுகண்பீளை ஆகியவற்றைப் பறித்து வருவர். பெரியோருடன் செல்லும் சிறுவர் ஆண்டுதோறும் இச்செடிகளை நேரில் கண்டு பெயரறிகின்றனர். ஆடு மேய்ப்போரும் களையெடுப்போரும் தம் தொழிலின் ஊடே இவ்வறிவைப் பெற்றனர்.

இன்று பாதைகள் சிமெண்டுச் சாலைகளாகின்றன. களைக்கொல்லி வரப்புகளை வெறுமையாக்குகிறது. 1950களில் புனேயில் கவனத்துக்கு வந்த பார்த்தீனியம் வழியோரங்களை ஆக்கிரமித்துள்ளது. கீழாநெல்லி பொடியாகப் பொட்டலத்தில் கிடைக்கிறது. பொட்டலத்தில் பெயர் உண்டு. ஆனால் அப்பெயர் சுட்டும் காயும் அதன் இருப்பிடமும் பொடியில் இல்லை. பெயரைச் சரிபார்க்கும் வாய்ப்பை வாங்குவோர் இழக்கின்றனர்.

முடிவுரை

வழியோரச் செடிகளின் பெயர்கள் இனங்காணலுக்கும் பயன்பாட்டுக்கும் எச்சரிக்கைக்கும் உரிய குறிப்புகளாக விளங்குகின்றன. ஆகவே நாட்டு மருத்துவத்தைத் தொகுப்போர் நோயையும் மருந்தையும் மட்டும் பட்டியலிடுதல் போதாது. வட்டாரப் பெயர், செடி வளரும் இடம், பூக்கும் பருவம், பயன்படும் உறுப்பு, விலக்க வேண்டியவை ஆகியவற்றை ஒருங்கே பதிவு செய்தல் வேண்டும். செடியை உலர்த்திக் கோயம்புத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் உள்ள உலர்தாவரத் தொகுப்புகளோடு ஒப்பிட்டு அறிவியற் பெயரை உறுதி செய்தலும் இன்றியமையாதது. பெயர் அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே அவர்களோடு பாதையில் நடந்து இப்பணியைச் செய்து முடித்தல் தகும்.