ஒரு வாட்டில் விளையும் நாதம்

மின்சாரத்தை நாதமாக்குவதற்கென்றே மனிதன் செய்த யந்திரமாகிய ஸ்பீக்கர், தனக்கு அளிக்கப்படும் சக்தியில் மிகப் பெரும் பகுதியை வெறும் உஷ்ணமாக்கி வீணடிக்கிறது என்ற விஷயம், நாள்தோறும் அதன் முன் அமர்ந்து சங்கீதம் கேட்கும் ரசிகர்களில் பலருக்குத் தெரியாது. 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்ட அமைப்பு, அதாவது காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள் அசைய, அதனோடு பிணைந்த காகிதக் கூம்பு காற்றைத் தள்ளும் அமைப்பு, சாராம்சத்தில் இன்றும் மாறவில்லை. கூம்பு கனமானது, காற்றோ இலேசானது. ஒன்றை ஒன்று சரிவரப் பற்றாத காரணத்தால், அலமாரியில் வைக்கத்தக்க சாதாரணப் பெட்டிக்குள் செல்லும் ஆயிரம் பங்கு மின்சக்தியில் ஐந்து பங்குக்கு மேல் ஒலியாக வெளிவருவது அரிது.

இத்திறனை அளப்பதற்கு, ஒரு வாட் மின்சக்தியைக் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி எழுகிறது என்று பார்ப்பார்கள். 1970-களில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்ததும், மனிதக் குரலின் இயல்பைக் காட்டுவதில் இன்றளவும் கீர்த்தி பெற்றதுமான எல்எஸ்3/5ஏ என்ற சிறு பெட்டி, 82 அல்லது 83 டெசிபல் அளவில் நிற்பது. அதிகத் திறன் உடையவை என்று சொல்லப்படும் பெட்டிகளோ 93, 95 என்று ஏறுகின்றன. வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 3 டெசிபல் கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு என்பது இந்தக் கணக்கின் விதியாதலால், ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் உச்சத்தை எட்டுவதற்கு, 82 டெசிபல் பெட்டி 63 வாட்டைக் கேட்கும் இடத்தில், 95 டெசிபல் பெட்டி 3 வாட்டோடு திருப்தி அடைந்துவிடுகிறது.

வீட்டில் அத்தனை சப்தம் எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். சப்தத்துக்காக அன்று. மிருதங்கத்தில் விழும் ஒரு ‘தோம்’, கணப்பொழுதில் சராசரி ஒலியைப்போலப் பல பத்து மடங்கு சக்தியோடு எழுந்து அடங்கிவிடுகிறது. அந்த எழுச்சியைக் குறையாமல் தருவதற்கே திறன் வேண்டியிருக்கிறது. திறன் குறைந்த பெட்டியில் கம்பிச் சுருள் சூடேறுகிறது. செம்பு 100 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். தடை கூடவே மின்னோட்டம் குன்றி, ஓங்க வேண்டிய இடத்தில் ஒலி ஓங்காமல் நின்றுவிடும். உருப்படிகளும் சங்கதிகளும் இருக்கின்றன, ஸ்ருதி பிசகவில்லை, இருந்தும் கச்சேரியின் ஜீவன் எங்கோ நழுவிவிட்டது என்று நமக்குத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த உண்மையைத் தம் ஆயுள் முழுவதும் வற்புறுத்தியவர் பால் கிளிப்ஷ். 1904-ல் இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட்டில் பிறந்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆர்கன்ஸா மாநிலத்தின் ஹோப் என்னும் சிற்றூரில் ராணுவத்தின் ஆயுதப் பரிசோதனைக் களத்தில் பணியாற்றிய அவர், 1946-ல் அவ்வூரிலேயே தம் தொழிலைத் தொடங்கினார். கூம்புக் குழாய் வழியே ஒலியை விட்டால், குறுகிய தொண்டையில் இருக்கும் மிகுந்த அழுத்தம் அகன்ற வாயில் பரந்த அசைவாக மாறிக் காற்றை நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்பதை சினிமாக் கொட்டகைக்காரர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். வீட்டுக்கு அது ஒவ்வாததற்கு அளவே காரணம். விநாடிக்கு 40 அதிர்வுள்ள ஓர் ஒலியலையின் நீளம் சுமார் 28 அடி. அதற்கு ஏற்ற குழாயை எந்தக் கூடத்தில் நிறுத்துவது? கிளிப்ஷ் குழாயை மடித்துப் பெட்டிக்குள் அடக்கி, அறையின் மூலையில் சேரும் இரு சுவர்களையே குழாயின் நீட்சியாக்கினார். கூம்பு அதிகம் அசையும்போதுதான் ஒலி சிதைகிறது, திறன் உயர்ந்தால் அசைவு குறைகிறது, ஆகவே திறனும் தூய்மையும் சேர்ந்தே வளர்கின்றன என்பது அவருடைய சித்தாந்தம்.

நேர் எதிரான பாதையில் சென்றவர் எட்கர் வில்ச்சர். 1954-ல் அவரும் ஹென்றி க்ளாஸும் வெளியிட்ட ஏஆர்-1 என்ற பெட்டி, காற்றுப் புகாமல் மூடப்பட்டு, உள்ளே அடைபட்ட காற்றையே வில்லாகக் கொண்டு இயங்கியது. அதுவரை பீரோவைப்போன்ற பெட்டிகளே தந்துவந்த ஆழ்ந்த கீழ் ஒலியை, புத்தக அலமாரியில் அடங்கும் அளவில் அது தந்தது. அதற்கு விலையாகத் திறனைக் கொடுக்க வேண்டியிருந்தது. 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவத் தொடங்கி, வீட்டுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டபோது, சிறிய பெட்டியே வென்றது. பின்னர் டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானதும், திறனைப் பற்றிய கவலையே ஜனங்களை விட்டு அகன்றுவிட்டது. வில்ச்சரின் மேதையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வெற்றியில் நாம் இழந்ததை எண்ணிப் பார்த்தவர்கள் சொற்பம்.

இந்த இழப்புக்கும் லாபத்துக்கும் கணக்கு எழுதிவைத்தவர், புகழ்பெற்ற பியானோ வித்வான் ஜோசப் ஹாஃப்மனின் புதல்வரும், க்ளாஸுடன் சேர்ந்து 1957-ல் கேஎல்ஹெச் கம்பெனியை ஸ்தாபித்தவருமான ஆன்டன் ஹாஃப்மன். சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ் ஒலி, உயர்ந்த திறன் ஆகிய மூன்றில் இரண்டை நாம் பெறலாம், மூன்றாவதைத் துறந்தே தீரவேண்டும் என்பதே அவர் பெயரால் வழங்கும் இரும்பு விதி. ஒரு ஸ்தாயி கீழே இறங்க விரும்பினால், பெட்டி எட்டு மடங்கு பெருக்க வேண்டும், அல்லது திறன் எட்டில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இதற்குத் தப்ப வழியே இல்லை.

ஆகையால் அலமாரிக்கு அடங்கும் அளவையும் திறனையும் ஒருசேர விரும்புகிறவன், அடி ஆழத்து ஒலியைத் துறக்கச் சம்மதிக்க வேண்டும். தேவாலயத்து ஆர்கனில் 32 அடிக் குழாய் எழுப்பும் 16 அதிர்வை நாடுகிறவருக்கு இந்தத் தியாகம் பெரிது. நம் சங்கீதத்திலோ, ஒரு கட்டையில் பாடும் வித்வான் மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொடும்போதுகூட அந்த ஸ்வரம் 98 அதிர்வில் நிற்கிறது. மந்திர ஷட்ஜத்துக்கே இறங்கினாலும் 65-தான். 60 அதிர்வுவரை ஒழுங்காக ஒலிக்கும் ஒரு பெட்டியிடம் வாய்ப்பாட்டு ரசிகன் புகார் சொல்ல என்ன இருக்கிறது? கீழேயுள்ள அந்தச் சொற்ப ஒலிக்காக, மேலே உள்ள அத்தனை ஸ்வரங்களின் துடிப்பையும் விட்டுக்கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

இவ்வகைப் பெட்டியில் கீழ் ஒலிக்குக் குழாய் வைக்க இடமில்லை; வலிய காந்தமும் இலேசான கூம்பும், பெட்டியில் திறந்த ஒரு துவாரமுமே அங்கே துணை. மேல் ஒலியின் கதை வேறு: 3,000 அதிர்வுள்ள அலை 11 சென்டிமீட்டர் நீளமே ஆதலால், அதற்கு வேண்டிய குழாய்வாய் உள்ளங்கை அளவில் அடங்கிவிடுகிறது. அதைச் செம்மையாக வடிக்காவிட்டால் பாடகர் மூக்கால் பாடுவதுபோலக் கேட்கும். குழாய் ஸ்பீக்கர்மேல் பலருக்குள்ள அவநம்பிக்கை பெரும்பாலும் இத்தகைய அரைகுறை வேலையால் விளைந்ததே.

வாங்குகிறவர் விளம்பரத்து எண்ணை அப்படியே நம்பலாகாது. அளவை 2.83 வோல்ட் என்று குறித்திருந்தால், 8 ஓம் பெட்டிக்கு அது ஒரு வாட். 4 ஓம் பெட்டிக்கு இரண்டு வாட். அங்கே காட்டப்படும் எண்ணில் 3 டெசிபல் கழித்துப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. பெட்டியை நடுக்கூடத்தில் ஸ்டாண்டின்மேல் நிறுத்தினால், முகம் குறுகிய அதிலிருந்து கீழ் ஒலி நாற்புறமும் சுற்றிச் சிதறிவிடும். சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் அந்தச் சுவரே ஒலியை முன்னே திருப்பித் தரும். பின்புறம் துவாரம் உள்ள பெட்டியானால் சில அங்குலமாவது இடைவெளி விடவேண்டும்.

இத்தகைய பெட்டிக்குப் பெரிய ஆம்ப்ளிபையர் அவசியமில்லை. ஒற்றை 300பி வால்வு தரும் 8 வாட்டே ஒரு சாதாரண அறைக்குப் போதும், பெட்டியின் ஓம் அளவு எந்த ஸ்வரத்திலும் மிகத் தாழ்ந்துவிடாமல் இருந்தால். கடையில் சோதிக்கும்போது ஒலியை உயர்த்திக் காட்டச் சொல்லாமல், பக்கத்தில் ஒருவர் பேசும் அளவுக்குத் தாழ்த்தச் சொல்லி, ஒரு தனி ஆவர்த்தனத்தைக் கேளுங்கள். வலந்தலையின் சொற்கள் ஒவ்வொன்றும் பிரிந்து விழுந்து, தொப்பியின் கும்காரம் அவற்றுக்குப் பின்தங்காமல் சேர்ந்தே வருமானால், அந்தப் பெட்டியை வாங்கலாம்.