இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?

சாவகச்சேரியில் நான் பராமரிக்கும் கணினிக்கூடத்தில் 24 கணினிகள் உள்ளன. மாணவர்கள் நாள்தோறும் பாவிப்பதால் மாதத்தில் இரண்டு மூன்றாவது குழம்பிவிடும். விண்டோஸ், தமிழ்த் தட்டச்சு, பாடத்துக்கான மென்பொருட்கள் என்று எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி முடிக்க ஒரு கணினிக்கே அரைநாள் போய்விடும்.

இதற்கு வழி, இமேஜ் எடுத்து வைப்பது. எல்லாம் சரியாக இயங்கும் ஒரு கணினியின் வன்தட்டை அப்படியே பிரதி எடுத்து, வலையமைப்பில் உள்ள சேவையகத்தில் சேமிக்கிறோம். அதுதான் இமேஜ். குழம்பிய கணினியை வலையமைப்பு வழியாகத் தொடக்கினால், அந்தப் பிரதி அதன் வன்தட்டில் மீண்டும் எழுதப்படும். நாங்கள் பாவிப்பது 2007 இல் தொடங்கப்பட்ட 'ஃபொக்' என்ற இலவசத் திறமூல மென்பொருள். லினக்ஸ் ஏற்றிய பழைய கணினி ஒன்றே இதற்குச் சேவையகமாகப் போதும்.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கையில் எங்கள் சேவையகத்தின் வன்தட்டு நின்றுபோனது. இமேஜ்கள் எல்லாம் அதில் மட்டுமே இருந்தன. நான்கு இரவுகள் விழித்திருந்து, ஒவ்வொரு கணினியாகக் கையால் சரிசெய்தேன். அதன்பிறகுதான் இரண்டாவது சேமிப்புச் சேவையகம் ஒன்றை அமைத்தேன்.

ஃபொக்கை நிறுவும்போது, அது முழுச் சேவையகமா, சேமிப்புக்கு மட்டுமா என்று கேட்கும். இரண்டாவதைத் தெரிவுசெய்ய வேண்டும். பிறகு முதன்மைச் சேவையகத்தின் முகவரியையும் அதன் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் கேட்கும். அந்தக் கடவுச்சொல் முதன்மைச் சேவையகத்தின் அமைப்புகள் பக்கத்தில் இருக்கும். இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். இரு சேவையகங்களுக்கும் மாறாத ஐபி முகவரி வேண்டும். இரண்டிலும் ஃபொக்கின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். சேமிப்புச் சேவையகத்தின் பயனர் கடவுச்சொல், முதன்மைச் சேவையகத்தில் அதற்காகப் பதியப்பட்டுள்ள கடவுச்சொல்லுடன் பொருந்த வேண்டும். எனக்கு ஒரு நாள் வீணானது இந்த மூன்றாவதில்தான்.

இரண்டையும் ஒரே சேமிப்புக் குழுவில் சேர்த்து, பழையதை முதன்மையானது என்று குறித்தால் போதும். புதிய இமேஜ்கள் முதலில் முதன்மைச் சேவையகத்துக்குப் போகும். அங்கிருந்து இரண்டாவதற்குத் தாமாகவே பிரதியாகும்.

வேகமும் கூடும். எங்கள் இமேஜ் ஒன்று 12 ஜிபி. 24 கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் 288 ஜிபி. சேவையகத்தின் இணைப்பு 100 மெகாபிட் என்றால் கணக்குப்படி ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஒரு கிகாபிட் என்றால் 40 நிமிடத்துக்குள் முடியும். அப்படியான இரு சேவையகங்கள் வேலையைப் பகிர்ந்தால் ஏறக்குறைய 20 நிமிடம். ஆகவே இரண்டாவது கணினி வாங்குமுன் சுவிட்ச்சையும் கேபிளையும் பாருங்கள்.

இனிப் பயமில்லை என்றுதான் நினைத்தேன். சில மாதங்களின் பின், வைரஸ் புகுந்திருந்த ஒரு கணினியை அறியாமல் இமேஜ் எடுத்து, நல்ல இமேஜின் பெயரிலேயே சேமித்துவிட்டேன். இரண்டாவது சேவையகம் தன் வேலையைப் பிசகாமல் செய்தது. நான் கண்டுபிடித்தபோது பழுதான இமேஜே இரண்டிலும் இருந்தது.

முதலாவதைப் பின்தொடரும் பிரதி வன்தட்டுப் பழுதிலிருந்து காப்பாற்றும். நம் கைப்பிழையிலிருந்து காப்பாற்றாது. இரண்டும் ஒரே அறையில் இருந்தால் தீ, மின்னல், வெள்ளம், திருட்டு எதிலிருந்தும் காப்பாற்றாது.

இன்னொன்றும் உண்டு. எந்த இமேஜ் எந்தக் கணினிக்குரியது என்ற விபரமெல்லாம் முதன்மைச் சேவையகத்தின் தரவுத்தளத்தில்தான் இருக்கும். சேமிப்புச் சேவையகத்துக்கெனத் தனித் தரவுத்தளம் கிடையாது. முதன்மையானது போய்விட்டால் கோப்புகள் மிஞ்சும், ஆனால் இரண்டாவது தனியாக வேலை செய்யாது. எனவே தரவுத்தளத்தையும் தனியே ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும்.

இப்போது மாதம் ஒருமுறை இமேஜ்களையும் தரவுத்தளத்தையும் வெளிவன்தட்டு ஒன்றில் எடுத்து, கொடிகாமத்தில் ஒரு வீட்டில் வைக்கிறோம். பிரதி எடுக்கும் நேரம் தவிர அது எந்தக் கணினியோடும் இணைந்திருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கணினியை மீட்டுப் பார்க்கிறோம். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பி இருக்க முடியாது.

இது எமக்குப் புதிய பாடமல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு வந்தபோது, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பையில் சுற்றிக்கொண்டு வந்தவர்கள் பலர். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே சிதைந்தது. அலுமாரியில் இருந்த ஒரே பிரதியோடு வீட்டையும் இழந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

கணினிக்கூடத்து இமேஜ் போனால் நான்கு இரவுகளில் திரும்பச் செய்யலாம். ஆலயப் பதிவுகள், சனசமூக நிலையத்தின் பழைய படங்கள், காணாமல் போனவர்களுக்காகச் சேர்த்து வைத்த முறைப்பாட்டுக் கடிதங்கள் அப்படியல்ல. அவற்றை ஸ்கான் செய்து ஒரே கணினியில் வைத்திருக்கும் அமைப்புகள் பல. அவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது? முதலாவதுக்கு நேர்வது அதற்கும் நேருமா? கடைசியாக அதை எப்போது திறந்து பார்த்தீர்கள்?