யமஹா டிஎக்ஸ்7: மென்பொருள் மறுவுருவாக்கம்

யமஹா டிஎக்ஸ்7 என்பது ஜப்பானின் யமஹா நிறுவனம் 1983-ல் வெளியிட்ட டிஜிட்டல் சிந்தசைசர். இக்கருவியின் சில்லுகளும் மின்சுற்றுகளும் செய்யும் வேலையைக் கணினி நிரலாக எழுதி, கருவி இல்லாமலேயே அதன் ஒலியைப் பெறுவது மென்பொருள் மறுவுருவாக்கம் அல்லது எமுலேஷன் எனப்படுகிறது. அதற்கான நிரல் எமுலேட்டர் ஆகும்.

டிஎக்ஸ்7 கணிதத்தால் ஒலி எழுப்பும் கருவி என்பதால் இது எளிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் சூத்திரத்தை மட்டும் நிரலாக்கினால் டிஎக்ஸ்7-ன் ஒலி முழுமையாகக் கிடைப்பதில்லை. அந்தச் சூத்திரத்தை 1980-களின் சில்லுக்குள் அடக்குவதற்காக வடிவமைப்பாளர்கள் செய்த சுருக்கங்களும் தோராயங்களும் அந்த ஒலியின் பகுதிகளாகவே ஆகிவிட்டன.

பின்னணி

டிஎக்ஸ்7-ன் அடிப்படை அதிர்வெண் பண்பேற்றம் என்னும் முறை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஜான் சௌனிங் 1967-ல் இதைக் கண்டறிந்தார். ஸ்வரத்தை மேலும் கீழும் அசைக்கும் வைப்ரேட்டோவை அவர் கணினியில் சோதித்துக்கொண்டிருந்தார். அசைவின் வேகத்தை மிகவும் கூட்டியபோது அது அசைவாகக் கேட்காமல் புதியதொரு நாதமாகக் கேட்டது. 1973-ல் இதுகுறித்த அவரது ஆய்வுக்கட்டுரை வெளியானது. 1977-ல் இம்முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் உரிமத்தை யமஹா பெற்றிருந்தது.

61 கட்டைகள் கொண்ட டிஎக்ஸ்7, ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்களை ஒலிக்கும். அதன் உள்நினைவகத்தில் 32 ஒலிகளைச் சேமிக்கலாம். அதன் மின்பியானோ ஒலி 1980-களின் பாப் இசையில் மிகப் பரவலாகக் கேட்ட ஒலிகளுள் ஒன்று.

ஒலி உருவாகும் விதம்

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் டிஎக்ஸ்7-ல் ஆறு ஆபரேட்டர்கள் உள்ளன. ஒவ்வோர் ஆபரேட்டரும் ஒரு சைன் அலையை உருவாக்கும். ஓர் ஆபரேட்டரின் வெளியீடு இன்னொன்றின் கட்டத்தை மாற்றும்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. மாற்றப்படுவது ஊர்தி அலை, மாற்றுவது பண்பேற்றும் அலை. ஆறு ஆபரேட்டர்களையும் இணைக்க 32 வகை அமைப்புகள் கருவியில் உள்ளன. இவை அல்காரிதம்கள் எனப்படுகின்றன.

பண்பேற்றும் அலையின் வீச்சு கூடினால் ஒலியளவு கூடுவதில்லை, நாதமே மாறுகிறது. கட்டையை மெதுவாக அழுத்தினால் மென்மையாகவும், வேகமாகத் தட்டினால் உலோகத்தின் கணீர் ஒலியோடும் மின்பியானோ கேட்பது இதனால்தான்.

சில்லின் கணக்குமுறை

16 ஸ்வரங்களுக்குத் தலா ஆறு ஆபரேட்டர்கள் என்றால் மொத்தம் 96. டிஎக்ஸ்7 வினாடிக்கு 49,096 மாதிரிகளை உருவாக்குகிறது. ஆகவே வினாடிக்கு ஏறத்தாழ 47 லட்சம் முறை சைன் மதிப்பைக் கண்டறிந்து, அதை வீச்சால் பெருக்க வேண்டும். 96 தனிச் சுற்றுகளை அமைக்காமல், ஒரே சுற்றை 96 ஆபரேட்டர்களுக்கும் முறைவைத்துப் பயன்படுத்தினார்கள்.

பெருக்கும் சுற்று சில்லில் அதிக இடம் பிடிக்கும். அதைத் தவிர்க்க, பள்ளியில் மடக்கை அட்டவணையைப் பயன்படுத்தும் அதே வழி கையாளப்பட்டது. இரு எண்களைப் பெருக்க அவற்றின் மடக்கைகளைக் கூட்டி, விடைக்கு எதிர்மடக்கை எடுத்தால் போதும். டிஎக்ஸ்7-ன் சில்லில் சைன் மதிப்புகளின் மடக்கைகள் அட்டவணையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அதிலும் கால் அலை மட்டுமே உள்ளது; மீதி முக்கால் பகுதி சமச்சீரைக் கொண்டு பெறப்படுகிறது. இன்னோர் அட்டவணை எதிர்மடக்கையைத் தருகிறது. 2021-ல் கென் ஷிரிஃப் இச்சில்லின் நுண்ணோக்கிப் படங்களை ஆராய்ந்து அதன் உள்ளமைப்பை விளக்கி எழுதினார்.

அட்டவணையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் குறிப்பிட்ட பிட்களுக்குள் முழுமையாக்கப்பட்டது. எனவே டிஎக்ஸ்7-ன் சைன் அலை கணிதப் புத்தகத்தின் சைன் அலை அல்ல. எமுலேட்டர் அலையைத் துல்லியமாகக் கணக்கிட்டால், மூலக்கருவியில் உள்ள நுண்ணிய கரகரப்பு காணாமல் போகிறது.

ஒலியை மாற்றும் பிற கூறுகள்

மாதிரி வீதம்: பண்பேற்றம் வலுவாக இருக்கும்போது கேட்கும் எல்லையைத் தாண்டிய அதிர்வெண்கள் உருவாகும். மாதிரி வீதத்தின் பாதியைத் தாண்டுபவை மடங்கித் திரும்பிக் கீழே ஒலிக்கும். 30,000 ஹெர்ட்ஸ் கொண்ட கூறு டிஎக்ஸ்7-ல் 19,096 ஹெர்ட்ஸாக மடங்குகிறது. பெரும்பாலோருக்கு அது காதில் விழாது. அதே கணக்கை 44,100 மாதிரி வீதத்தில் ஓடும் கணினியில் அப்படியே செய்தால் 14,100 ஹெர்ட்ஸாக மடங்கி, தெளிவாகக் கேட்கும். சூத்திரம் ஒன்றாக இருந்தும் உச்ச ஸ்வரங்கள் வேறாக ஒலிப்பதற்கு இது ஒரு காரணம்.

வீச்சு உறை: கட்டையை அழுத்தியது முதல் ஒலி அடங்கும்வரை வீச்சு எப்படி மாறவேண்டும் என்பதை ஒவ்வோர் ஆபரேட்டருக்கும் நான்கு வேகங்களும் நான்கு அளவுகளும் தீர்மானிக்கின்றன. முகப்பில் வேகத்தை 0 முதல் 99 வரை வைக்கலாம். உள்ளே அந்த எண் 41-ஆல் பெருக்கி 64-ஆல் வகுக்கப்பட்டு, பின்னம் விடப்படுகிறது. ஆகவே உண்மையில் இருப்பவை 64 வேகங்கள் மட்டுமே. 50 என்று வைத்தாலும் 51 என்று வைத்தாலும் கிடைப்பது ஒரே வேகம்தான். இதை அறியாத நிரல் நூறு வேகங்களையும் தனித்தனியாகக் கணக்கிட்டால், ஒலி அடங்கும் நேரம் மூலத்திலிருந்து விலகும்.

பின்னூட்டம்: ஒவ்வோர் அல்காரிதத்திலும் ஓர் ஆபரேட்டரின் பாதையில் பின்னூட்டம் உண்டு. முந்தைய மாதிரியை மட்டும் திருப்பி ஊட்டினால் ஒலி தடுமாறும். எனவே கடைசி இரு மாதிரிகளின் சராசரி பயன்படுத்தப்படுகிறது. இந்தச் சராசரியை விட்டுவிடும் நிரலில் பித்தளைக் குழல் போன்ற ஒலிகளில் இரைச்சல் கூடும்.

வெளியீடு: எண்களை மின்னழுத்தமாக்க டிஎக்ஸ்7 12-பிட் மாற்றியைப் பயன்படுத்தியது. அடுத்த தலைமுறைக் கருவியான டிஎக்ஸ்7 II-ல் இது 16-பிட் ஆனது.

மறுவுருவாக்கும் வழிகள்

முதல் வழி, கருவியின் ஒலியை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவுசெய்து ஒலிக்கவிடுவது. பதிந்த ஒலி அப்படியே கிடைக்கும்; ஆனால் ஆபரேட்டர்களைத் திருத்திப் புதிய ஒலி உருவாக்க முடியாது. கண்டிப்பாகச் சொன்னால் இது எமுலேஷன் அல்ல.

இரண்டாவது வழி, கருவியின் நடத்தையை அளந்து நிரலாக்குவது. ரஃப் லெவியன் ஆண்ட்ராய்டு கருவிகளுக்காக எழுதிய திறமூல ஒலிப்பொறி இவ்வகையைச் சேர்ந்தது. உண்மையான டிஎக்ஸ்7-ன் வெளியீட்டை அளந்து, உறையின் வேகங்களையும் வீச்சு அளவுகளையும் அவர் ஆவணப்படுத்தினார். இப்பொறியை அடிப்படையாகக் கொண்டு பாஸ்கல் கோத்தியே உருவாக்கிய டெக்ஸ்ட் என்னும் இலவச மென்பொருள் இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதில் 24-பிட் துல்லியத்தில் இயங்கும் நவீன முறையும், சிறிய அட்டவணைகளைக் கொண்டு மூலக்கருவியை நெருங்க முயலும் மார்க் I முறையும் உள்ளன. தூய்மையும் நெருக்கமும் ஒன்றல்ல என்பதால் தேர்வு பயனரிடம் விடப்பட்டுள்ளது.

மூன்றாவது வழி, சில்லையே மறுவுருவாக்குவது. சில்லின் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் நடப்பதை நிரல் திரும்பச் செய்யும். யமஹாவின் சிறிய பண்பேற்றச் சில்லுகளுக்கு இத்தகைய நிரல்கள் உள்ளன. இதற்குக் கணினியின் திறன் அதிகம் தேவை.

ஒலிக்கோப்புகளும் பாதுகாப்பும்

டிஎக்ஸ்7-ல் உருவாக்கிய ஒலிகளைக் காப்பது லித்தியம் மின்கலம் ஒன்று. முதல் மாடலில் அது சுற்றுப்பலகையில் பற்றவைக்கப்பட்டது. மின்கலம் தீர்ந்தால் நினைவகத்தில் உள்ள ஒலிகள் அழியும். கருவியின் சில்லுகள் யமஹா தனக்கென்றே தயாரித்தவை. அவை பழுதானால் பெரும்பாலும் இன்னொரு பழைய டிஎக்ஸ்7-லிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒலிகளை மிடி இணைப்பு வழியாக வெளியே எடுக்க முடியும். ஓர் ஒலிக்கு 128 பைட் வீதம் 32 ஒலிகளுக்கு 4,096 பைட். தலைப்பு, சரிபார்ப்பு எண் முதலியவற்றுக்கு மேலும் 8 பைட். ஆக 4,104 பைட்டில் கருவியின் முழு நினைவகமும் அடங்கும். 1980-களில் இசைக்கலைஞர்கள் உருவாக்கிய ஏராளமான ஒலிகள் இவ்வடிவில் இன்றும் உள்ளன. டெக்ஸ்ட் போன்ற நிரல்கள் இவற்றை நேரடியாகத் திறக்கின்றன.

இக்கோப்புகளில் ஒலி எதுவும் இல்லை. எண்கள் மட்டுமே உள்ளன. உருவாக்கியவர் தம் கருவியில் கேட்டுக்கேட்டுத் திருத்தி நிறுத்திய எண்கள் அவை. அந்தக் கருவியின் தோராயங்களும் அவர் கேட்டதில் சேர்ந்தே இருந்தன. அதனால்தான் எமுலேட்டர்கள் மூலக்கருவியின் குறைகளையும் சேர்த்தே மறுவுருவாக்க முயல்கின்றன. குறைகளை நீக்கிய நிரலில் அதே எண்கள் வேறு ஒலியைத் தரும்; இயங்கும் டிஎக்ஸ்7 எதுவும் கைவசம் இல்லாதபோது, அந்த வேறுபாட்டைக் கேட்டு அறியவும் வழியிராது.