தலைப்பிரசவமும் மூச்சுப் பயிற்சியும்

தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்புவது நம்மவர் வழக்கம். ஆயினும், வளைகாப்பு நடத்தித் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ ரயிலேற்றிவிடும் வரையில், அவள் தாராவியிலோ செம்பூரிலோ ஓரறைக் குடித்தனத்தில்தான் நாட்களைக் கழித்தாக வேண்டும். அருகில் தாய் இல்லை. கேட்டுத் தெளிவதற்குப் பாட்டியும் இல்லை. வாந்தி வரும், மயக்கம் வரும் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். மூச்சு வாங்கும் என்று மட்டும் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் மனைவிக்கு அது ஐந்தாம் மாதத்தில் நேர்ந்தது. மாதுங்காவில் காய்கறி வாங்கித் திரும்புகையில் ரயில் நிலைய மேம்பாலத்தின் படிகளில் இருமுறை நின்றுவிட்டாள். அடுத்த வீட்டு அம்மாள் தம் கைப்பேசியில் கண்ட மூச்சுப் பயிற்சி ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். காலையும் மாலையும் செய்தாள், இதமாகவும் இருந்தது. இதமாக இருந்ததனாலேயே மருத்துவரிடம் அதுபற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறு மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 கிராம் என்று தெரிந்தது. பயிற்சி தீயதன்று, அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்று நாங்கள் அறியாதிருந்ததே பிழை. நம் சகோதரிகளேனும் அறிந்துகொள்ளட்டும் என்று இதனை எழுதலானேன்.

கருவுற்றவளுக்கு மூச்சு வாங்குவது பெரும்பாலும் நோயன்று. பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு அது உண்டு. புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு மூளையிலுள்ள சுவாச மையத்தைத் தூண்டுகின்றது. அதனால், வயிறு வெளியே தெரியாத முதல் மாதங்களிலேயே ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிவிடுகின்றது. மூச்சுகளின் எண்ணிக்கை அதிகம் மாறுவதில்லை; ஆனால் ஒரு நிமிடத்தில் உட்செல்லும் காற்றின் அளவு 30 முதல் 50 சதவிகிதம் வரை கூடுகின்றது. பின்மாதங்களில் கருப்பை மேலெழுந்து உதரவிதானத்தை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயர்த்துகின்றது. அதற்கு ஈடாக விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து இடங்கொடுக்கின்றன. இந்த ஏற்பாட்டை அறியாத பெண் அஞ்சுகின்றாள். அஞ்சியவுடன் மேல்மூச்சு வாங்குகின்றாள். வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறித் தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும். அச்சம் மேலும் வளரும்.

இவ்விடத்தில்தான் பயிற்சி துணை செய்கின்றது. சுவரில் முதுகைச் சாய்த்துத் தலையணை ஒன்றை இடுப்பிற்கு அணையாக வைத்து அமர வேண்டும். இரு கைகளையும் விலாப் பக்கங்களில் வைத்துக்கொண்டு, மூக்கின் வழியே ஓசையின்றி மூச்சை இழுக்கும்போது விலா விரிவதைக் கைகள் உணர வேண்டும். மனத்திற்குள் மூன்று எண்ணும் வரை இழுத்து, ஐந்து எண்ணும் வரை விடலாம். சூடான காப்பியை ஊதி ஆற்றுவதுபோல் உதடுகளைக் குவித்து விட்டால் எளிதாக நீளும். வெளிவிடும் மூச்சு நீளுவதே இதிலுள்ள நுட்பம். தோள்கள் உயரக் கூடாது. ஐந்து நிமிடம் போதும். மூச்சை அடக்கும் கும்பகம், வயிற்றை உள்ளிழுத்து வேகமாக ஊதும் கபாலபாதி, பஸ்திரிகை ஆகியவை கர்ப்பிணிக்கு வேண்டா. பின்மாதங்களில் மல்லாந்து படுத்துச் செய்வதும் ஆகாது. கருப்பையின் பாரம் இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாளத்தை அழுத்திவிடும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பதே நன்று.

பத்தடி அறையில் காற்று எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அக்கம்பக்கத்தில் அடுப்பு மூட்டுமுன், விடியற்காலையில் கதவைத் திறந்துவைத்துச் செய்யலாம். வீட்டிலுள்ள ஆண்மக்கள் பீடி, சிகரெட்டை விட்டொழிப்பது எந்தப் பயிற்சியினும் மேலானது.

இம்முறை நமக்குப் புதிதுமன்று. மும்பையின் வெர்சோவாவில் 1918-ஆம் ஆண்டில் ஸ்ரீ யோகேந்திரர் நிறுவிய யோக நிலையம் பின்னர் சாந்தாகுரூஸுக்கு மாறி இன்றும் நடைபெறுகின்றது. துறவிகளுக்கே உரியதென்று கருதப்பட்ட யோகத்தை இல்லறத்தார்க்கு உரியதாக்க முயன்றவர் அவர். அவர்தம் மனைவியார் சீதாதேவி 1934-இல் பெண்களுக்கென்றே ஒரு யோகப் பயிற்சி நூல் வெளியிட்டார். மேனாட்டிலோ, பாரீஸ் மருத்துவர் ஃபெர்னாண்ட் லமாஸ் 1951-இல் சோவியத் நாட்டிற்குச் சென்று, மூச்சுப் பயிற்சியாலும் மனப் பழக்கத்தாலும் பிரசவ வலியைத் தாங்கும் முறையைக் கண்டுவந்தார். அதனை அவர் நடைமுறைப்படுத்தியது செல்வர் மருத்துவமனையிலன்று. உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மருத்துவமனையிலேயே. தொழிலாளர் குடியிருப்பில் வாழும் நமக்கு இச்செய்தி இனிக்கின்றது. அவர் கற்பித்த விரைவான மூச்சு இன்று முன்போல் வலியுறுத்தப்படுவதில்லை. மெதுவான மூச்சையே பலரும் கற்பிக்கின்றனர். உலகச் சுகாதார ஸ்தாபனமும், வலி தணிய விரும்பும் நலமான கர்ப்பிணிகளுக்கு மூச்சுப் பயிற்சி முதலியவற்றை 2018-இல் பரிந்துரைத்துள்ளது.

நலமான கர்ப்பிணிகளுக்கு என்னும் சொற்களைக் கவனியுங்கள். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை உண்டு. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைந்திருக்கையில், எத்தனை நிதானமாக மூச்சிழுத்தாலும் குறை தீராது. ஆகவே, பயிற்சி தொடங்குமுன் சயான் மருத்துவமனையிலோ அருகிலுள்ள மாநகராட்சி மருந்தகத்திலோ பெயர் பதிந்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்காதீர்கள். தேநீர் அச்சத்தை உடலில் சேரவிடாது. எலுமிச்சைச் சாற்றுடன் உட்கொண்டால் நன்கு சேரும்.

சும்மா அமர்ந்திருக்கையிலேயே மூச்சு முட்டினாலோ, படுத்தால் மூச்சடைத்து இரவில் எழுந்து உட்கார நேர்ந்தாலோ, நெஞ்சு வலி, படபடப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம், முகவீக்கத்துடன் தலைவலி ஆகியவை தோன்றினாலோ பயிற்சியில் நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இளமையில் வந்த மூட்டுக் காய்ச்சலால் பழுதுற்ற இதய வால்வு, முதற்கருவின்போதே தன்னை வெளிக்காட்டுவதுண்டு.

ரயில்வே ஊழியன் என்ற முறையில் இன்னொன்று: ஊருக்குச் செல்லும் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. மருத்துவச் சான்றுடன் முன்பதிவு அலுவலகத்தில் கேட்டுப் பெறுக.

மாத்திரை தொடங்கிய எட்டு வாரங்களில் என் மனைவியின் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியது. பயிற்சியையும் அவள் விடவில்லை. பிரசவ அறையிலும் செய்தாளாம். வலி குறைந்ததா என்று பின்னர் கேட்டேன். “வலி குறையவில்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே ஓய்வெடுக்க முடிந்தது” என்றாள்.